அரக்கு வைத்த நாலு சீட்டு

செட்டிபாளையம்,
13.12.2024, வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் சுதாகரன் அவர்களுக்கு,

தங்கச்சி புருசன் நல்லரத்தினம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகம் எப்படி என்று தொடங்குவதுதான் முறை. முப்பத்தாறு வருடம் தபாற்கந்தோரில் இருந்து, அந்த வரியைச் சுமந்துவந்த எத்தனையோ ஆயிரம் கடிதங்களைக் கையால் தொட்டவன் நான். ஆனாலும் இன்று அதைப் பொய்யாக எழுத மனம் வரவில்லை. உங்கள் தங்கச்சி சுகம், மகள் ஆர்த்திகா சுகம், பின்வளவில் கட்டியிருக்கும் மாடும் சுகம். நான்தான் சுகமில்லை. காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் படலைவரை போகச் சொல்கிறது, படலைக்குப் போனால் ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். சோற்றுக்கு இருந்தால் பொரித்த மீனை நாலு நாலாகப் பிரித்துவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேனாம், தங்கச்சி சொல்கிறாள். இதை வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் தங்கச்சி பக்கத்தில் வந்து தானும் முகத்தைக் காட்டுவாள். எழுதி அனுப்பலாமென்றால், போன மாதம் மூலவியாதிக்கு மருந்து கேட்டு உங்களுக்கு எழுதியது குடும்பக் குழுவில் போய் விழுந்து, கனடாவிலிருந்தெல்லாம் நாற்பத்தொரு பேர் சுகம் விசாரித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே கடிதம்தான் எனக்கு நம்பிக்கை.

விடயம் இதுதான். ஆர்த்திகாவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ரதீஸ், மாங்கேணி, வீதி போடும் கம்பனியொன்றில் எஞ்சினியர். தகப்பன் ஜெயந்தன் நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கொண்டுவந்தது நம்முடைய காத்தான்குடி முத்தலிப் முதலாளி, இரண்டு வீட்டுக்கும் இருபது வருடமாகப் புடவை கொடுக்கிறவர். ஆர்த்திகாவுக்கு முப்பது நடக்கிறது, நாலு சாதகம் தட்டிப்போனது உங்களுக்குத் தெரியும், இதையும் விட்டால் நான் யாரிடம் போய் நிற்பது? நம்முடைய முறைப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுத ஆயத்தமாகிவிட்டேன். நானும் தங்கச்சியும் போயிருக்கப் பின்வளவில் இரண்டு அறை கட்டி, கட்டிலைக்கூட மாற்றியாகிவிட்டது. பயம் ஒன்றே ஒன்றுதான். சம்பந்தியாகப் போகிறவர் பெரிய ரோசக்காரர். மூத்த மகனுக்குக் கதிரவெளியில் பெண் பேசப் போன இடத்தில், தேத்தண்ணியை முதலில் வான் டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எழும்பி வந்த மனிசன், இன்றுவரை அந்த ஊருக்குப் போகவில்லையாம். இதை முத்தலிப் முதலாளி எனக்கு முதலே சொல்லி, தேத்தண்ணித் தட்டை நானே பிடித்துக் கொடுக்க வைத்தவர்.

போன ஞாயிறு அவர்கள் பெண்பார்க்க வந்தபோது தேத்தண்ணியில் ஒரு பிழையும் நடக்கவில்லை. இறால் கறியையும் மனிசன் இரண்டுதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தோடு கைகழுவி வெற்றிலையைப் போட்டு அனுப்பியிருந்தால் நான் இன்று மனிதனாக இருப்பேன். கெட்ட காலம், சாப்பாடு முடிந்து பெண்டுகள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, சம்பந்தி என்னுடைய அலுமாரிக்கு மேலிருந்த சீட்டுக்கட்டைக் கண்டுவிட்டார். முன்னூற்றிநாலு ஆடுவீர்களா என்று கேட்டார். மீனிடம் நீந்துவாயா என்று கேட்டமாதிரி. அவரும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஒரு பக்கம், நானும் பக்கத்து வளவுக் கோணாமலையும் மறுபக்கம். கோணாமலையை உங்களுக்கு நினைவிருக்கும், கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர், கையில் நல்ல சீட்டு வந்தால் மூக்கால் மூச்சுவிட மறந்துபோகிறவர். நம்முடைய பக்கத்து வழக்கப்படி தோற்றவர்கள் காதில் உடுப்புக் கொழுவும் கிளிப்பைக் கவ்வவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பெண்டுகளின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ இல்லை, நான்தான் சொன்னேன், பகிடிக்கு. சம்பந்தி சிரிக்கவில்லை. "முப்பது வருசமா இந்தக் காதில கிளிப்பு ஏறினதில்ல" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

மாறி மாறி வென்று, கடைசி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. தாய்மாமன் சீட்டுப் போட்டார். சுவிசில் பனி தள்ளித் தள்ளி ஆட்டத்தை மறந்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அந்த நாலைப் பார்த்து, மொத்தம் முன்னூற்றிநாலு புள்ளியில் எத்தனை எடுப்போமென்று நூற்றறுபதிலிருந்து கேட்கவேண்டும். கூடக் கேட்டவர் மற்ற இனங்களையெல்லாம் வெட்டுகிற துரும்பைக் கவிழ்த்துவைக்க, மிச்ச நாலு பிறகு வரும். கேட்ட புள்ளியை எடுத்தால் வெற்றி, எடுக்காவிட்டால் தோல்வி. பெரியது ஜாக், அதற்குக் கீழே ஒன்பது, பிறகு ஆஸ், பிறகு பத்து. முதற்கேள்வி என்னுடையது. சீட்டை ஒவ்வொன்றாக விரித்தேன். கறுப்பு இஸ்கோப்பன் இனத்து ஜாக். இஸ்கோப்பன் ஒன்பது. இஸ்கோப்பன் ஆஸ். நாலாவதை விரிக்கமுதல் பிள்ளையாரை நினைத்தேன், பெரிய மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். இஸ்கோப்பன் பத்து. நாற்பது வருடமாக ஆடுகிறேன், செத்தவீட்டில் ஆடியிருக்கிறேன், கலியாணவீட்டில் ஆடியிருக்கிறேன், வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இரண்டு கிழமை ஆடியிருக்கிறேன், இப்படியொரு கையை நானும் பிடித்ததில்லை, பிடித்தவனையும் கண்டதில்லை. வாயைத் திறந்து இருநூற்றைம்பது என்று சொல்லப்போனேன். அந்த நேரம் பார்த்து என் கண் சம்பந்தியின் வலது காதில் போய் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அப்படி நிற்கும்போதுதான் அவருக்குப் போன் வந்தது. வடக்கே நல்ல மழை, வீதிக்கு மேலால் தண்ணி பாய்கிறது, இப்போதே வெளிக்கிடாவிட்டால் ஊருக்கு வரமுடியாது என்று அயலவர் சொன்னார். பேச்சு முற்றாகமுதல் பெண்வீட்டில் இராத்தங்குவது முறையில்லை, எல்லோரும் எழும்பினார்கள். நான் சீட்டைக் கலைத்துவிடலாமென்று சந்தோசமாகக் கையை நீட்டினேன். சம்பந்தி என் கையைப் பிடித்துவிட்டார். "சம்பந்தம் பேசுற வீட்டில போட்ட சீட்டக் கலைக்கப்படா. போட்ட பேச்சையும் கலைக்கிறமாதிரி" என்றார். அப்படியொரு சாத்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் சொல்லும்போது சாத்திரம் இல்லையென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆளுக்கொரு உறையில் சீட்டை வைத்து மூடி, போடாத பதினாறையும் தனியுறையில் மூடி, நடுவான ஒருவரிடம் கொடுத்துவைத்து, வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு விட்ட இடத்தில் தொடங்குவதென்று தீர்ப்பாகியது. நீதிமன்றக்காரர் உறை கேட்டார், தபால்காரன் அரக்கே கொண்டுவந்தேன். ஓய்வுபெறும்போது ஞாபகத்துக்கு எடுத்துவந்த அரைத்துண்டு அரக்கு. மெழுகுதிரியில் உருக்கி, பத்து ரூபாய்க் குற்றியால் அமத்தி, ஐந்து உறைக்கும் வைத்தேன். தங்கச்சியின் புது மேசைவிரிப்பில் மூன்று பொத்தல் விழுந்தது, அதை அவள் உங்களுக்குத் தனியாகச் சொல்லியிருப்பாள். முத்தலிப் முதலாளி ஐந்தையும் வாங்கித் தன் கடை இரும்புப்பெட்டியில் வைப்பதாகக் கொண்டுபோனார்.

இனித்தான் என் மூளையின் இலட்சணம். எது யாருடைய உறையென்று தெரிய ஒவ்வொன்றிலும் பெயர் எழுதும்படி சம்பந்தி சொன்னார். பெயர் எழுதின கை சும்மா நின்றதா? விலாசத்தையும் எழுதியது. பின்பக்கம் அனுப்புநர் என்று என் விலாசத்தையும் எழுதியது. அத்தோடாவது நின்றதா? மேசை லாச்சியில் கிடந்த முத்திரைகளை எடுத்து நக்கி ஒட்டியும்விட்டது. முப்பத்தாறு வருடப் பழக்கம், கையைக் குற்றம் சொல்லி என்ன பயன். திங்கட்கிழமை முத்தலிப் முதலாளி வங்கிக்குப் போன நேரம், கடையில் நிற்கும் ஸாஜித், இன்னும் இரும்புப்பெட்டிக்குள் போகாமல் மேசையில் கிடந்த ஐந்து உறையைக் கண்டிருக்கிறார். விலாசம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, முதலாளி மறந்துபோனார் பாவம் என்று கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டுவிட்டார். பின்னேரம் முதலாளி எனக்குப் போன் எடுத்து, ஸலாம் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் என்னுடைய பழைய கந்தோருக்கு ஓடினேன். எனக்குப் பிறகு வந்த அம்னா என்ற பிள்ளை இருக்கிறாள், நல்ல பிள்ளை, நான்தான் வேலை பழக்கினேன். ஐந்து உறையும் வந்தால் என்னிடமே தந்துவிடும்படி கெஞ்சினேன். அவள் சுவரைக் காட்டினாள். ஒருவருடைய தபால் அவர் கையிலன்றி எக்காரணம் கொண்டும், எவர் கேட்டாலும், வேறொருவர் கையில் கொடுக்கப்படமாட்டாது என்று கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவித்தல். என்னுடைய கையெழுத்து. எவர் கேட்டாலும் என்பதற்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு வேறு.

ஆகவே சீட்டுகள் முறைப்படி விநியோகமாகிவிட்டன. வியாழன் காலை சம்பந்தி போன் எடுத்தார். குடும்பமே கதவுக்குப் பின்னால் நிற்க, நான் எழும்பி நின்று பேசினேன். அரக்கு உடையாமல் வந்ததாம், அலுமாரியில் பூட்டிவைத்திருக்கிறாராம், ஆனால் இவ்வளவு பெறுமதியான ஆவணத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பாமல் சாதாரணத் தபாலில் அனுப்பிய என் துணிச்சலை நினைக்கத் தனக்கு ஆச்சரியமாக இருக்கிறதாம். உடைத்துப் பார்க்கமாட்டார், அதில் எனக்கு ஐமிச்சமில்லை. முப்பது வருடம் கோட்டில் சாட்சிப்பொருளைக் காவல் காத்த மனிசன்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். நூற்றறுபது என்று மெல்லக் கேட்டாலும் இந்தக் கை வெல்லும். முப்பது வருடம் ஏறாத கிளிப்பு, பெண்வீட்டு அடுப்படியில், என் பெண்சாதிக்கும் மகளுக்கும் முன்னால் அவர் காதில் ஏறும். மனிசன் எழும்பிப் போனால் கதிரவெளிக்குப் பிறகு செட்டிபாளையமும் அவர் போகாத ஊராகிவிடும். இருநூற்றைம்பது கேட்டாலும் அதே கிளிப்புத்தான், அதோடு பெண்வீட்டுக்காரனுக்கு என்ன திமிர் என்ற பெயரும் சேரும். ஒன்றும் கேட்காமல் கேள்வியைக் கோணாமலையிடம் தள்ளிவிட்டு, கிடைக்கிற பிடியையும் வேண்டுமென்றே விட்டுத் தோற்கலாம். ஆனால் ஆட்டத்தில் எல்லாச் சீட்டும் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். இந்த நாலையும் வைத்துக்கொண்டு இவன் கேட்காமல் இருந்தானா, எனக்குப் பிச்சை போட்டானா என்பார். அவருடைய மூத்த மருமகன் ஒருமுறை மாமனாருக்கு மரியாதையென்று வேண்டுமென்றே தோற்று, அதைக் கண்டுபிடித்த மனிசன் ஆறு மாதம் மகள் வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்கவில்லையாம். வென்றாலும் கலியாணம் போகும், தோற்றாலும் கலியாணம் போகும். துரும்பில்லாத கையோடு முழித்தவர்களைக் கண்டிருக்கிறேன், துரும்பு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் கையில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் கோணாமலை என் காது சிவந்ததைப் பார்த்தே விளங்கிவிட்டார். காலையில் தேங்காய் துருவி கேட்டு வருகிறார், மத்தியானம் அதைத் திருப்பித்தர வருகிறார், பின்னேரம் சரியாகத் தந்தேனா என்று பார்க்க வருகிறார். "அண்ணன், நான் ஒண்டும் கேக்கல்ல. பாட்னர் கேக்கப்படாது, எனக்குத் தெரியும். ஆனா கேட்டா பெருசாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தங்கச்சி நான் நித்திரையில் இஸ்கோப்பன், இஸ்கோப்பன் என்று புலம்பியதைக் கேட்டு, முதலில் அது யாரோ வெள்ளைக்காரி என்று நினைத்திருக்கிறாள். விளங்கப்படுத்தியபிறகு அதைவிடக் கோபம். "சீட்டா புள்ளையா எண்டு இப்பவே சொல்லுங்க. சீட்டுத்தான் எண்டா நான் அண்ணனுக்கு அறிவிக்கிறன்" என்றாள். பிள்ளைதான் என்றேன். சொல்லிவிட்டுப் படலைக்குப் போய் நின்று இருநூற்றைம்பது என்று ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வீதியால் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

நேற்றுப் பின்னேரம் நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என்னுடைய உறை புதன்கிழமையே எனக்கு வந்துவிட்டது. போடாத பதினாறு சீட்டிருந்த உறையில் பெறுநர் பெயர் இல்லாதபடியால் அதுவும் அனுப்புநரான என்னிடமே வந்தது, அம்னா கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தாள். பிறருடைய கடிதத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. இவை இரண்டும் என் பெயருக்கு வந்த கடிதம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தி, தங்கச்சி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அறையைச் சாத்திக்கொண்டு அரக்கை உடைத்தேன். அடுத்த வட்டத்தில் அந்தப் பதினாறும் நாலு நாலாக விழும். முதல் நாலு எனக்கு, இரண்டாவது நாலு சம்பந்திக்கு. அந்த இரண்டாவது நாலைப் பார்த்தேன், இரண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு ராணி. குப்பை. அந்தக் குப்பையை எடுத்து என் உறையில் வைத்தேன். என் இஸ்கோப்பன் நாலையும் அந்த இடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றும் கேட்கமாட்டேன், என் கையைப் பார்க்கிற எவனும் கேட்கச் சொல்லமாட்டான். இரண்டாம் வட்டத்தில் நாலும் போய்ச் சம்பந்தியின் கையில் ஏறும், அவரை யாரும் அசைக்கமுடியாது. பிச்சையென்று அவருக்குத் தெரியவராது. கிளிப்பு என் காதுக்கு. கலியாணம் என் பிள்ளைக்கு.

திரும்ப அரக்கை உருக்கி இரண்டு உறையையும் மூடினேன். வீட்டை எழுதிக் கொடுக்கச் சம்மதித்தபோது எனக்கு நோகவில்லை, பெரிய மச்சான். நம்முடைய முறை, கொடுக்கத்தானே வேண்டும். இந்த நாலு சீட்டையும் கொடுக்கும்போது நொந்தது. கட்டிலில் இருந்து அழுதேன். அறுபத்துநாலு வயதில் ஒரு மனிசன் சீட்டுக்காக அழுதான் என்று சிரிக்காதீர்கள். இப்படியொரு கை என்னிடம் வந்தது என்பது உலகத்தில் ஒருவருக்காவது தெரியவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார் இருக்கிறார்கள்? நம் குடும்பத்தில் ஒளிவுமறைவு இல்லாத ஒரே மனிதர் நீங்கள். இது முடிவான முடிவு, மாற்றச்சொல்லி எழுதவேண்டாம்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். அங்கே குளிர் கூடவென்று செய்தியில் பார்த்தோம், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். தாய்மாமனாக நின்று ஆர்த்திகாவின் கலியாணத்தை நீங்கள் நடத்திவைக்க மாமாங்கேஸ்வரர் அருள்புரிய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் சொல்லைத் தட்டாத,
க. நல்லரத்தினம்.

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஆர்த்திகா மேசையடியில் நின்று இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்து முடித்திருந்தாள். பிறர் கடிதத்தை வாசிப்பது குற்றமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அவள் கண் கலங்கியிருந்தபடியால் விட்டுவிட்டேன். கதிரையை இழுத்து என்னை இருத்தினாள். "அப்பா, நீங்க உங்கட கையையே விளையாடுங்க. எங்கட கலியாண எழுத்து ஆகஸ்ட்டுலயே முடிஞ்சிட்டு" என்றாள். ரதீஸ் போன வருடம் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதி போட வந்தவராம். இரண்டு மாத வேலை ஏழு மாதம் இழுபட்ட காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இரண்டு தகப்பன்மாரும் ரோசக்காரர், எந்த நேரம் எதில் குழப்புவார்களோ என்று பயந்து, முதலில் பதிந்துவிட்டுப் பிறகு பெண்பார்க்க வைத்தார்களாம். பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு சாட்சி முத்தலிப் முதலாளி. மற்றச் சாட்சி, ஆகஸ்ட் மாதம் கோயில் திருவிழாவுக்கென்று வந்து எங்கள் வீட்டில் பதினொரு நாள் தங்கி, என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போன நீங்கள்.

எனக்கு நொந்தது. ஒரு மணித்தியாலம் படலையில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, அரக்கை உடைத்து, இஸ்கோப்பன் நாலையும் என் உறையில் திரும்ப வைத்துவிட்டேன். ஆகவே மேலே முடிவான முடிவு என்று எழுதியதை வெட்டிவிட்டு வாசிக்கவும். தங்கச்சிக்கு நான் சொல்லமாட்டேன், செய்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள். ஞாயிறு மூன்று மணிக்கு இருநூற்றைம்பது கேட்கிறேன். கடிதம் அதற்கு முதல் வந்து சேராது என்பது எனக்குத் தெரியும், அதனால் ஆர்த்திகா உங்களை வீடியோவில் கூப்பிடுவாள். கட்டாயம் வந்து நில்லுங்கள். சாட்சிக்கு நிற்க உங்களுக்குப் பழக்கம்தானே.